மலையில் லேப்டாப் சுமக்க ஒரு தோள்பை: நீலகிரிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

மாற்றலாகி வந்தவர்கள், கல்லூரியில் சேர்ந்தவர்கள், வீட்டிலிருந்தே வேலை என்று கோத்தகிரிப் பக்கம் வீடு பிடித்தவர்கள் எல்லோருக்கும் ஒரு எச்சரிக்கை. கோவையிலோ சென்னையிலோ வருஷக்கணக்கில் உழைத்த லேப்டாப் பை இங்கே ஒரே மழைக்காலத்தில் பல்லிளித்துவிடும். நான் தேயிலைத் தொழிற்சாலைகளுக்குக் கணக்கு எழுதுகிறவன். லேப்டாப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு குன்னூர், கோத்தகிரி, மஞ்சூர் என்று பஸ்ஸில் அலைவதுதான் பிழைப்பு. 20-ஆம் தேதி ஜி.எஸ்.டி கணக்கு தாக்கல் செய்ய வேண்டிய நேரத்தில் லேப்டாப்புக்குள் தண்ணீர் போனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. சரியான மெசஞ்சர் பை, அதாவது குறுக்காக மாட்டிக்கொள்கிற ஒற்றைப் பட்டைத் தோள்பை, கிடைக்க நான் பட்ட பாட்டை வரிசைப்படுத்தி எழுதியிருக்கிறேன். இதே வரிசையில் போனால் பணமும் நாளும் மிச்சம்.

1. முதலில் சுமையை எடை போடுங்கள்

பை பார்க்கப் போவதற்கு முன் இதைச் செய்யுங்கள். தினமும் கொண்டுபோகிற எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டு எடை பாருங்கள். எடை பார்க்கும் மெஷினில் பையோடு ஒரு தடவை, பையில்லாமல் ஒரு தடவை ஏறி நின்று கழித்தால் போதும்.

14 அங்குல லேப்டாப் பெரும்பாலும் ஒன்றரைக் கிலோவுக்குள் இருக்கும். 15.6 அங்குலம் என்றால் ஒன்றே முக்காலிலிருந்து இரண்டு கிலோ. கேமிங் லேப்டாப் இரண்டரைக் கிலோவைத் தொடும், அதன் சார்ஜரே செங்கல் கனம். இதோடு குடை, ஸ்வெட்டர், ஃபைல், டிபன் பாக்ஸ், ஒரு லிட்டர் தண்ணீர் என்று சேர்த்துக்கொண்டே போனால் ஐந்து கிலோவுக்கு வந்து நிற்கும்.

மொத்தம் மூன்றரைக் கிலோவைத் தாண்டினால் தோள்பையை மறந்துவிட்டு, இரண்டு தோளிலும் மாட்டுகிற பேக்பேக் வாங்குங்கள். இது என் கணக்குதான், மருத்துவக் கணக்கு இல்லை. ஆனால் குன்னூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து அப்பர் குன்னூருக்கு ஒற்றைத் தோளில் நாலு கிலோவோடு மேடேறிப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

அப்படியானால் தோள்பை எதற்கு? பஸ்ஸுக்கு. காலையில் கூட்டம் நெரிகிற பஸ்ஸில் பேக்பேக் மாட்டி நின்றால் பின்னால் நிற்பவர் முகத்தில் இடிக்கும், நம் முதுகுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்றும் தெரியாது. தோள்பையை வயிற்றுப் பக்கம் இழுத்துக்கொள்ளலாம். உட்கார்ந்திருக்கும் அக்கா யாராவது "பையக் குடுங்க, மடில வச்சுக்கறேன்" என்றால் ஒரே அசைவில் கழற்றிக் கொடுத்துவிடலாம்.

தண்ணீர் பாட்டிலும் டிபனும் எந்தப் பையானாலும் லேப்டாப்போடு ஒரே அறையில் வேண்டாம். அதற்குத் தனியாக ஒரு மஞ்சப்பை போதும்.

2. லேப்டாப்பை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள்

அட்டையில் "15.6 இஞ்ச் வரை" என்று போட்டிருப்பதை நம்பி வாங்க வேண்டாம். 15.6 அங்குலம் என்பது திரையின் குறுக்களவு, மூலைக்கு மூலை சுமார் 39.6 செ.மீ. லேப்டாப்பின் அகலம் வேறு. புது மாடல்களில் ஓரம் மெலிதாக இருப்பதால் அகலம் 36 செ.மீ. அளவில் இருக்கும், பழைய மாடலில் 38 செ.மீ. வரை போகும். அந்த இரண்டு செ.மீ.யில்தான் ஜிப் மூடுமா மூடாதா என்பது இருக்கிறது.

நீளம், அகலம், தடிமன் மூன்றையும் ரப்பர் கால்களோடு சேர்த்து அளந்து போனில் குறித்துக்கொள்ளுங்கள். பையின் உள்ளறை அகலத்தில் இரண்டு செ.மீ. கூட இருந்தால் சரி. ஐந்து செ.மீ. கூட இருந்தால் வளைவுக்கு வளைவு லேப்டாப் உள்ளே அங்குமிங்கும் போய் இடிக்கும். கடைக்குப் போகும்போது லேப்டாப்பையே எடுத்துப் போவது இன்னும் நல்லது. ஆன்லைனில் வாங்கினால் வெளியளவைப் பார்த்து ஏமாறாதீர்கள். உள்ளறை அளவு போடாத பையை விட்டுவிடுங்கள்.

3. தண்ணீர் எங்கே புகும் என்று பாருங்கள்

இங்கே மழை இரண்டு முறை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர், நடுவட்டம் பக்கம் கொட்டும், ஊட்டியில் நாள் கணக்கில் சாரலாக நிற்கும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் அதுதான் பெரிய மழை. இரண்டு பக்கமும் போய்வருகிறவர்களுக்கு வருஷத்தில் பாதி ஈரம்தான். இதில் சேராத பனிமூட்டம் வேறு. மழையே இல்லாமல் அரைமணி நேரம் மூட்டத்தில் நடந்தால் பையின் மேல்துணி கையில் ஒட்டும்.

கடையில் கேட்டால் எல்லாமே வாட்டர் ப்ரூஃப்தான். "அண்ணா, மழை தாங்குமா?" என்றால் "தைரியமா எடுங்ண்ணா, முக்கி எடுத்தாலும் ஒண்ணும் ஆகாது" என்பார்கள். அப்படிச் சொல்லி விற்ற பை ஒன்று (கடை எதுவென்று வேண்டாம்) அரவேணுவில் பஸ்ஸுக்கு நின்ற நேரத்திலேயே என் ஃபைலை நனைத்தது. அதற்கு அப்புறம்தான் எதைப் பார்க்க வேண்டும் என்று கற்றுக்கொண்டேன்.

துணியைப் பொறுத்தவரை பெரிய பிரச்சினை கிடையாது. பாலியெஸ்டரோ நைலானோ, உள்பக்கம் பூச்சு இருந்தால் ஓரளவு மழையைத் தாங்கும். லைனிங்கைக் கொஞ்சம் விலக்க முடிந்தால் துணியின் பின்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். பிளாஸ்டிக் தாள் ஒட்டியது மாதிரி மெல்லிய பளபளப்பு இருக்க வேண்டும். அட்டையில் 600டி, 1000டி என்று போட்டிருப்பது டெனியர், நூலின் கனம். 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் என்பதே அந்த எண். எண் கூடினால் துணி சீக்கிரம் கிழியாது. மழையைத் தடுப்பது பூச்சுதான், டெனியர் அல்ல. விற்பவர்கள் இரண்டையும் குழப்புவார்கள்.

தண்ணீர் உண்மையில் புகுவது தையல் வழியாகவும் ஜிப் வழியாகவும். ஊசி குத்திய ஒவ்வொரு ஓட்டையும் ஒரு வழி. அதனால் மேல்பகுதியில் தையல் குறைவாக இருக்கிற பையைத் தேர்ந்தெடுங்கள். மூடி ஜிப்பை முழுதாக மறைத்து, இரண்டு பக்கமும் காது மாதிரி கீழே மடங்கி வர வேண்டும். நேராக வெட்டிய தட்டையான மூடியில் பக்கவாட்டுச் சாரல் உள்ளே அடிக்கும், இங்கே மழை பாதி நேரம் பக்கவாட்டில்தான் வரும்.

ஜிப் ரன்னரைத் திருப்பிப் பின்னால் பாருங்கள், பல நல்ல ஜிப்களில் 5, 8, 10 என்று ஒரு எண் இருக்கும். பெரிய அறைக்கு 8 அல்லது 10 வேண்டும். 5 என்றால் தடித்த லேப்டாப்பைத் திணித்துத் திணித்தே பல் விட்டுப்போகும். உலோகப் பல் ஜிப் பார்க்க அழகு, ஆனால் இந்த ஈரத்தில் ஓட மறுக்கும்.

ரெக்சின் வேண்டவே வேண்டாம். தோல் மாதிரி இருக்கும் அந்தப் பூச்சு ஈரக்காற்றில் பிசுபிசுத்து, அப்புறம் செதில் செதிலாக உதிர்ந்து சட்டையெல்லாம் ஒட்டும். நிஜத் தோல் உதிராது, ஆனால் ஜூலையில் நாலு நாள் பீரோவில் வைத்தால் பச்சையாகப் பூஞ்சணம் பிடிக்கும். வாரம் ஒருமுறை துடைத்துப் பராமரிக்கிற பொறுமை இருந்தால் வாங்கலாம். எனக்கு இல்லை. கான்வாஸ் மெழுகு பூசியது என்றால் நல்லது, பூசாதது என்றால் தண்ணீரைக் குடித்து, காயவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும்.

வெல்க்ரோவைப் பற்றி யாரும் சொல்ல மாட்டார்கள். மூடியில் பெரிய வெல்க்ரோ உள்ள பை கம்பளி ஸ்வெட்டரின் நூலைப் பிடித்து இழுக்கும். பஞ்சு அடைத்து அடைத்து கொஞ்ச நாளில் ஒட்டவும் ஒட்டாது. வருஷம் பூரா ஸ்வெட்டரில் திரிகிற ஊருக்கு பக்கிள்தான் சரி.

மழைக்கு ஒரு கேரி பேக்கில் சுற்றிக்கொள்ளலாம் என்று நினைத்து வராதீர்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு இந்த மாவட்டத்தில் கெடுபிடி அதிகம், கடைகளில் கேட்டாலும் கிடைக்காது. துணியிலான மழை உறை சுமார் 200 முதல் 400 ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஆனால் அவை பெரும்பாலும் பேக்பேக் வடிவத்துக்குத் தைத்தவை, தோள்பையில் பொருந்துமா என்று மாட்டிப் பார்த்து வாங்குங்கள்.

4. அடி மூலையைக் கையால் சோதியுங்கள்

ஒரே ஒரு சோதனைதான் செய்ய நேரமிருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். லேப்டாப் அறைக்குள் ஒரு கையை விட்டு அடிவரை கொண்டுபோங்கள். இன்னொரு கையால் பையின் அடியை வெளியிலிருந்து அழுத்துங்கள். இரண்டு கையும் ஒன்றையொன்று உணர்ந்தால், பையைத் தரையில் வைக்கும் ஒவ்வொரு முறையும் லேப்டாப்பின் மூலை நேராகத் தரையில் குத்தும் என்று அர்த்தம். நல்ல பையில் லேப்டாப் அறை அடிவரை வராது. இரண்டு மூன்று செ.மீ. மேலேயே தொட்டில் மாதிரி தொங்கும்.

பல பைகளில் முன்னும் பின்னும் தடியாக ஃபோம் வைத்துவிட்டு அடியில் வெறும் துணியை விட்டுவிடுவார்கள். கண்ணுக்குத் தெரியும் இடத்தில்தான் செலவு. ஃபோமைக் கட்டைவிரலால் அழுத்தி விடுங்கள். உடனே எழும்பி வந்தால் சரி. பள்ளமாகவே நின்றால் ஸ்பாஞ்ச், அது தண்ணீரையும் உறிஞ்சும்.

பை மற்றபடி பிடித்திருந்து அடி மட்டும் மோசம் என்றால், 400 ரூபாயிலிருந்து 700 ரூபாய்க்குள் தனி ஸ்லீவ் உறை வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். அப்போது 2-ஆம் படியின் அளவு மாறும், ஸ்லீவோடு அளந்துகொள்ளுங்கள்.

5. பட்டையும் வளைவும்

மேட்டுப்பாளையம் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவு. கல்லட்டி வழியாக மசினகுடி போகிறவர்களுக்கு 36. பஸ்ஸில் மேலே இருக்கும் கம்பித் தட்டில் லேப்டாப் பையை வைத்தால் இரண்டாவது வளைவில் நகர ஆரம்பித்து, எங்கே போய் விழும் என்பது டிரைவர் கையில். மடியில் வையுங்கள், நின்றால் குறுக்காக மாட்டி முன்னால் இழுத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸின் தரையில் வைப்பதும் ஆகாது. எல்லோர் குடையிலிருந்தும் வடிகிற தண்ணீர் அங்கேதான் ஓடும்.

பட்டை குறைந்தது நாலு செ.மீ. அகலம் இருக்கட்டும், ஐந்து இருந்தால் தோள் வாழ்த்தும். பட்டை பையோடு சேருகிற இடத்தில் சதுரம் போட்டு நடுவில் பெருக்கல் குறி போட்ட தையல் இருக்க வேண்டும். ஒற்றை வரித் தையல் என்றால் அங்கேதான் முதலில் அறும். கொக்கி பிளாஸ்டிக்கா உலோகமா என்பதில் கடைக்காரர்கள் உலோகம் என்பார்கள். நல்ல கெட்டி உலோகம் சரி, முலாம் பூசியது துருப்பிடித்துச் சட்டையில் கறை ஏற்றும்.

கடையில் மாட்டிப் பார்க்கும்போது ஜெர்கினோடு பாருங்கள். கோவையில் டி-ஷர்ட் மேல் மாட்டிப் பார்த்து, சரி என்று வாங்கி வந்து, இங்கே ஸ்வெட்டர் மேல் ஜெர்கின் போட்டதும் பட்டை எட்டாமல் அக்குளில் இறுக்குகிற கதை அடிக்கடி நடக்கிறது.

இருசக்கர வண்டியில் போகிறவர்களுக்கு: இறக்கத்தில் பிரேக் போட்டால் பை முதுகிலிருந்து முன்னால் சரிந்து கைப்பிடியில் மோதும். இடுப்பைச் சுற்றி மாட்ட இரண்டாவது மெல்லிய பட்டை உள்ள பையாகப் பாருங்கள். தொங்கும் பட்டை நுனியைச் சுருட்டிச் செருகிவிடுங்கள், சக்கரத்தில் சிக்கினால் போவது லேப்டாப் மட்டுமல்ல.

6. எவ்வளவு, எங்கே, எப்போது

பெயரில்லாத பாலியெஸ்டர் பை சுமார் 600 முதல் 900 ரூபாய். மேலே சொன்னவை எல்லாம் ஓரளவு பொருந்துகிற பை 1,200 முதல் 2,500 ரூபாய்க்குள் கிடைக்கும். அதற்கு மேலே போனால் பெரும்பாலும் பெயருக்கும் தோலுக்கும்தான் கொடுக்கிறோம். ஆயிரத்துக்குக் கீழே பை வாங்கி ஸ்லீவும் மழை உறையும் சேர்த்தால் கடைசியில் அதே கணக்கு வந்துவிடும்.

ஊட்டியில் கமர்ஷியல் ரோடு, சேரிங் கிராஸ், குன்னூரில் பெட்ஃபோர்டு பக்கம் பார்க்கலாம். வகை குறைவு, ஆனால் கையில் எடுத்துச் சோதிக்கலாம், பிரச்சினை என்றால் மறுநாளே போய் நிற்கலாம். நிறையப் பார்க்க வேண்டுமென்றால் கோவை காந்திபுரம் கிராஸ் கட் ரோடுதான். ஒரு முழு நாள் போகும், பஸ் காசையும் விலையில் சேர்த்துப் பாருங்கள். மே மாதம் மலர்க் கண்காட்சி சமயத்தில் ஊட்டி கடைத்தெருவுக்குப் போகவே வேண்டாம், பேரம் பேச யாருக்கும் நேரமிருக்காது.

ஆன்லைன் என்றால் முதலில் 643-ல் தொடங்கும் உங்கள் பின்கோடைப் போட்டு டெலிவரி நாளைப் பாருங்கள். எஸ்டேட், ஹட்டி (படுகர் கிராமம்) பக்கங்களுக்குச் சில கூரியர்கள் வருவதே இல்லை, டவுனுக்கு வந்து வாங்கிக்கொள்ளச் சொல்வார்கள். "ரிட்டர்ன்" என்பதும் "ரீப்ளேஸ்மெண்ட் மட்டும்" என்பதும் ஒன்றல்ல, இரண்டாவதில் பணம் திரும்பாது. மழையில் பாதை அடைபட்டால் பார்சல் தாமதமாகும். அதனால் ஊட்டி, கூடலூர்க்காரர்கள் மே மாதத்தின் முதல் பாதிக்குள்ளும், குன்னூர், கோத்தகிரிக்காரர்கள் செப்டம்பருக்குள்ளும் வாங்கி முடியுங்கள். தீபாவளித் தள்ளுபடிக்குக் காத்திருந்தால் அதற்குள் மழை வந்துவிடும்.

7. பில், வாரண்டி, சீரியல் எண்

என் தொழில் இது என்பதால் கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன். அட்டையில் போட்டிருக்கும் எம்.ஆர்.பி எல்லா வரியும் சேர்ந்த விலை. "பில் வேணும்னா 18 பர்சென்ட் கூட வரும்" என்று எம்.ஆர்.பி மேல் ஏற்றிக் கேட்டால் கொடுக்காதீர்கள்.

பில்லில் கடையின் ஜி.எஸ்.டி எண் இருக்கிறதா பாருங்கள். 15 எழுத்து, தமிழ்நாட்டுக் கடையென்றால் 33-ல் ஆரம்பிக்கும். உங்களுக்கே தொழில் பதிவு இருந்தால் உங்கள் எண்ணையும் போட்டு வாங்குங்கள், அப்போதுதான் வரியைத் திரும்ப எடுக்க முடியும். சின்னக் கடை காம்போசிஷன் திட்டத்தில், அதாவது மொத்த விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தைக் கடையே வரியாகக் கட்டுகிற திட்டத்தில், இருந்தால் கடைக்காரர் உங்களிடம் வரியைத் தனியாகப் போட்டு வசூலிக்கவே கூடாது.

மெஷினில் வருகிற வழவழ பில் சில மாதத்தில் வெளுத்துவிடும். வாங்கிய அன்றே போட்டோ எடுங்கள். வாரண்டி அட்டையில் தேதியும் கடை முத்திரையும் போட்டு வாங்குங்கள். வாரண்டி பெரும்பாலும் தையலுக்கும் ஜிப்புக்கும்தான், தேய்மானத்துக்குக் கிடையாது. கடை கையை விரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பில் இல்லாமல் கூப்பிட்டுப் பயனில்லை.

கூடவே லேப்டாப்பின் சீரியல் எண்ணையும் அதன் பில்லையும் போட்டோ எடுத்துப் போனில் வையுங்கள். பை தொலைந்தால் போலீஸில் கேட்கும் முதல் விஷயம் அதுதான். அந்தக் காகிதத்தைப் பைக்குள்ளேயே வைத்துவிட்டுத் தொலைப்பவர்கள் நிறைய. ஆபீஸ் லேப்டாப் என்றால் ஆபீஸ் கொடுத்த கடிதத்தின் நகலும் போனில் இருக்கட்டும்.

8. திருப்பிக் கொடுக்கும் நாள் முடிவதற்குள் செய்ய வேண்டியது

விலைச்சீட்டைக் கழற்றாதீர்கள். முதல் நாளே லேப்டாப் இல்லாமல், அதே எடைக்குப் புத்தகம் போட்டு, ஒரு மணி நேரம் மேடும் இறக்கமுமாக நடந்து பாருங்கள். பட்டை தானாக நழுவி நீளமாகிறதா, தையல் முனகுகிறதா என்று தெரிந்துவிடும்.

தண்ணீர்ச் சோதனைக்குத் துணிவு வேண்டும், ஏனென்றால் நனைந்த பையைச் சில கடைகள் திரும்ப எடுக்காது. அதனால் வாங்கும்போதே கேட்டு வையுங்கள். பைக்குள் செய்தித்தாளை விரித்து, மூடி பூட்டி, மேலே ஒரு சொம்புத் தண்ணீரை மெதுவாக, பக்கவாட்டிலும் சேர்த்து ஊற்றுங்கள். பத்து நிமிஷம் கழித்துத் தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால், தண்ணீர் புகுந்த இடம் கருத்துத் தெரியும். ஜிப்புக்கு நேரே ஒரு கோடு மட்டும் என்றால் மழை உறையோடு சமாளிக்கலாம். அடி மூலையில் வட்டமாக நனைந்திருந்தால் திருப்பிக் கொடுங்கள்.

9. வாங்கிய பிறகு

லேப்டாப்பை ஸ்லீப்பில் வைத்துப் பைக்குள் போடாதீர்கள். ஃபோம் சூட்டை வெளியே விடாது. முழுதாக அணைத்துவிட்டுப் போடுங்கள்.

டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுகிற காலையில் ஊட்டியிலிருந்து கிளம்பி மேட்டுப்பாளையத்தில் இறங்கினதும் லேப்டாப்பைத் திறந்து ஆன் செய்யக் கூடாது. குளிர்ந்த உலோகத்தின் மேல் கீழே இருக்கும் ஈரக்காற்று நீராகப் படியும். அரைமணி நேரம் பைக்குள்ளேயே மூடி வைத்து, அப்புறம் எடுங்கள். வெளியே குளிரில் நின்ற காரிலிருந்து சூடான அறைக்குள் கொண்டுவந்தாலும் இதே கதைதான்.

ஷூ டப்பாவில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலங்களைத் தூக்கிப் போடாமல் லேப்டாப் அறையில் இரண்டு போட்டு, அவ்வப்போது மாற்றுங்கள். நனைந்த பையை எல்லா ஜிப்பையும் திறந்து தலைகீழாகத் தொங்கவிடுங்கள். அடுப்புப் பக்கம் வைத்தால் உள்பூச்சு சுருண்டுவிடும்.

தையல் விட ஆரம்பித்தால் உடனே செருப்புத் தைப்பவரிடம் கொண்டுபோகத் தோன்றும். வாரண்டி முடிந்திருந்தால் தாராளமாகக் கொடுங்கள், நைலான் நூல் போடச் சொல்லுங்கள், கம்பெனித் தையலைவிடக் கெட்டியாகவே போட்டுத் தருவார்கள். வாரண்டி பாக்கி இருந்தால் வெளியாள் கை பட்ட பையைக் கம்பெனி ஏற்காது. முதலில் அவர்களிடம் அனுப்புங்கள். அனுப்பினால் திரும்பி வர வாரக்கணக்கில் ஆகலாம். அதுவரைக்கும் பழைய பையைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள்.